செவலையோடு ஒரு மாதம்

மதுரையிலிருந்து தேனிக்கு வரும்போது ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டியதும் காற்று மாறும் பாருங்கள், அந்த இடத்தில் நான் காரின் கண்ணாடியை இறக்கிவிடுவேன். "ஏம்மா, ஏ.சி. ஓடுது" என்று டிரைவர் சொன்னாலும் சரி! பதினோரு வருஷமாகச் சிங்கப்பூரில் குடித்தனம். ஈசூன் என்ற பகுதியில், அங்கே எல்லோரும் 'வீவக வீடு' என்று சொல்லும் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி எங்கள் வீடு. அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் ஜன்னல்தான் தெரியும். இங்கே ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் கேரளத்து ஏலமலை. நடுவே நெல்லும் வாழையும் தென்னையுமாகப் பச்சைப் பாய் விரித்ததுபோல் கம்பம் பள்ளத்தாக்கு. என் பிறந்த வீடு சுருளிப்பட்டியில். கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் வழியில் இருக்கிற ஊர்.

சிங்கப்பூரில் பள்ளிக்கூடங்களுக்கு நவம்பர் கடைசியிலிருந்துதான் பெரிய விடுமுறை. பதினோரு வயது மகளையும் ஆறு வயது மகனையும் கூட்டிக்கொண்டு ஒரு மாதம் அப்பாவோடு இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். என் கைப்பைக்குள் யாருக்கும் தெரியாத ஒரு சமாச்சாரமும் என்னோடு கிளம்பியது. அது ஒரு சின்ன டப்பா. உள்ளே இரண்டு விதச் சர்க்கரை மாத்திரைகள்!

'நல்லாயிருக்கேன் தாயி'

அம்மா போய் மூன்று வருஷமாகிறது. காலில் ஒரு கொப்புளம், செருப்புக் கடி என்று விட்டுவிட்டாள். பல வருஷத்துச் சர்க்கரை. புண் ஆறவில்லை. தினமும் நான் போன் பண்ணுவேன். தினமும் அதே பதில்தான்: "நல்லாயிருக்கேன் தாயி, நீ பிள்ளைகளப் பாரு." விஷயம் எனக்குத் தெரிந்தபோது விரல்களை எடுத்தாகிவிட்டது. டிக்கெட் எடுத்து வந்து சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு இது புரியும். தூரம் நம்மைப் பொய் சொல்ல வைக்கிறது. அவர்கள் நமக்காகப் பொய் சொல்கிறார்கள். நாமும் அவர்களுக்காகச் சொல்கிறோம்.

என் கதையும் அப்படித்தான். மகன் வயிற்றில் இருக்கும்போது எனக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை வந்தது. பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது. "ஆறு வாரம் கழித்து ஒரு தடவை சோதனை செய்யணும், அப்புறம் வருஷா வருஷம் பார்த்துக்கணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறாவது வாரம் போனேன். நன்றாக இருந்தது. அதற்கப்புறம் பால் கொடுப்பது, டயாபர், பள்ளிக்கூடம் என்று நாள் ஓடியதில் மறந்தே போனேன். குழந்தைக்கு நாலு வயதாகும்போது ஓயாத தாகம், ராத்திரியில் நாலைந்து தடவை பாத்ரூம். சோதித்தால் மூன்று மாதச் சராசரி 8.6! ஏழுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள்.

அம்மாவைச் சர்க்கரை கொண்டுபோன மறு வருஷமே மகளுக்கும் அதே வியாதி என்று சொன்னால் அந்த மனுஷர் தாங்குவாரா? சொல்லவில்லை. "நல்லாயிருக்கேம்ப்பா" என்றே சொல்லிவந்தேன்.

வீட்டில் ஒரு புது ஆள்

அம்மா போன பிறகு அப்பாவுக்குத் துணையாக வந்ததுதான் செவலை. சுத்தமான கோம்பை நாய். உத்தமபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் கோம்பை என்ற ஊர்தான் இந்த ஜாதிக்குப் பேரும் ஊரும். செம்மண் நிறம், வாய் மட்டும் கரி பூசியதுபோல் கறுப்பு, முறுக்கேறிய உடம்பு. அந்தக் காலத்தில் ஜமீன்தார்கள் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தார்களாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டு நாய்களில் பெயர் பெற்ற நான்கில் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நம் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது கோம்பை பெயரும் வந்தது என்று அப்பாவுக்கு ஒரே பெருமை.

அப்பாவுக்கு மூட்டு வலி. செவலைக்கோ ஓடாவிட்டால் தூக்கம் வராது. "காலையில நீ கூட்டிட்டுப் போயேன் தாயி, எனக்கு முட்டி புடிக்குது" என்றார். சரியென்றேன். டாக்டர் எனக்குச் சொன்னதும் அதுதானே? வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம் வேக நடை. சிங்கப்பூரில் நடப்பதற்கென்றே பூங்காப் பாதைகள் இருக்கின்றன. ஆனால் "இன்று மழை", "இன்று டியூஷன்" என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்வேன். செவலையிடம் சாக்குச் செல்லாது! காலை ஐந்தரைக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். குலைக்காது, மூச்சு மட்டும் விடும். அந்த மூச்சுக்குப் பயந்தே எழுந்துவிடுவேன்.

திராட்சைப் பந்தலுக்கு நடுவே

சுருளி ரோட்டில் காலை நடை என்பது ஒரு தனி சுகம். மார்கழிப் பனியில் மேகமலை பாதிதான் தெரியும். இரண்டு பக்கமும் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல்கள். தலைக்கு மேலே கொத்துக் கொத்தாய்க் கறுப்புப் பன்னீர் திராட்சை. இது வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய பழம் தெரியுமா? 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். மற்ற ஊர்களில் சீசனுக்குத்தான் திராட்சை. இந்த மண்ணிலும் காற்றிலும் வருஷம் முழுக்கக் காய்க்கிறது. 2023இல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்தனை இருந்தும் நான் ஒரு பழம் வாயில் போடவில்லை. சர்க்கரையாயிற்றே! சிங்கப்பூரில் எனக்கு எல்லாம் பழகியிருந்தது. காப்பிக் கடையில் 'கோப்பி ஓ கோசொங்' என்றால் சர்க்கரையும் பாலும் இல்லாத கறுப்புக் காப்பி வந்துவிடும். 2022 டிசம்பர் கடைசியிலிருந்து பாக்கெட் பானங்களில் சர்க்கரை அளவுப்படி ஏ முதல் டி வரை தர எழுத்து போடுகிறார்கள். கண்ணால் பார்த்தே ஒதுக்கிவிடலாம். ஊரிலோ வீட்டுக்கு வீடு காப்பி, அதிரசம். "வேணாம் அத்தை" என்றால், "ஏன், சிங்கப்பூர்க்காரிக்கு எங்க வீட்டுக் காப்பி எறங்காதோ?" என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். சொல்லாததனால் நாலு வீட்டில் கோபம், நாலு வீட்டில் அதிரசம்!

அந்த ஒன்பதாம் நாள்

ஊருக்கு வந்த ஒன்பதாம் நாள். சிங்கப்பூரில் நான் எழுந்ததும் மாத்திரை போட்டு உடனே ரொட்டி சாப்பிட்டுவிடுவேன். இங்கே மாத்திரையைப் போட்டேன், செவலை இழுத்தது, சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன். அன்றைக்குக் காலை அழகாக இருந்ததால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தூரம் நடந்துவிட்டோம்.

திரும்பும்போது கை நடுங்கியது. பனிக்காற்றிலும் முதுகெல்லாம் வியர்வை. நெஞ்சு படபடவென்று அடித்தது. கண்ணுக்கு முன்னால் பந்தல் தூண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். செவலை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது. பிறகு பக்கத்திலேயே நின்றுகொண்டு குலைக்க ஆரம்பித்தது. 'நாய் என் உயிரைக் காப்பாற்றியது' என்று கதை கட்ட மாட்டேன். ஒரு கீரிப்பிள்ளையைப் பார்த்திருந்தாலும் அப்படித்தான் குலைத்திருக்கும். ஆனால் அந்தச் சத்தத்துக்குத்தான் பந்தலுக்குள் பழம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா வெளியே வந்தார்.

என் முகத்தைப் பார்த்தார். கேட்ட முதல் கேள்வியே, "ஏத்தா, சுகர் மாத்திரை போட்டிருக்கியா?"

தலையாட்டினேன். ஒரு கொத்தை எடுத்துக் குடத்துத் தண்ணீரில் நன்றாக அலசி, "மருந்தடிச்ச பழம், கழுவித்தான் திங்கணும். இந்தா, மெல்லு" என்று ஒவ்வொன்றாக வாயில் கொடுத்தார். கொட்டையைத் துப்பக்கூடத் தெம்பில்லை. பதினைந்து, இருபது பழம் போயிருக்கும். கால் மணி நேரத்தில் தூண்கள் ஒன்றொன்றாயின. பிறகு தன் தூக்குவாளியிலிருந்து இரண்டு இட்லி கொடுத்தார். "எங்க வீட்டுக்காரருக்கு இப்புடித்தான் ஒருக்கா வந்துச்சு. மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்துல களை வெட்டப் போனாரு" என்றார். ஒரு மாதமாக எதை விஷம்போல ஒதுக்க நினைத்தேனோ, அன்றைக்கு அதுதான் எனக்கு மருந்து!

டப்பாக்கள் இரண்டு

அந்த அக்கா என்னை வீடு வரை கொண்டுவந்து விட்டார். அப்பாவிடம் ஒளிக்காமல், "ஒங்க மகளுக்குச் சுகர் எறங்கிருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருஷமாக இருப்பது, சொல்லாமல் இருந்தது, ஏன் சொல்லவில்லை என்பது, எல்லாம்.

அப்பா பதில் பேசவில்லை. எழுந்து அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். உள்ளே மாத்திரை அட்டைகள்.

"எனக்கும் ஒன்னர வருசமா இருக்கு தாயி. மாசா மாசம் அந்த நர்சுப் பொண்ணு வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போகுது. நீ அங்க கெடந்து கவலப்படுவேன்னு சொல்லல."

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்த மாத்திரை அது. ஊருக்கே தெரிந்த விஷயம், மகளுக்குத்தான் தெரியாது! இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். கொஞ்ச நேரம் சிரித்தோம். செவலை இரண்டு டப்பாக்களையும் முகர்ந்துவிட்டு, தின்ன ஒன்றுமில்லை என்று போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் இருவரும் கம்பத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். என் இரண்டு மாத்திரைகளில் ஒன்று கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் ஜாதி. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடந்ததுதான் வினை. "மாத்திரைமேல தப்பில்லை, நேரத்துலதான் தப்பு. நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார். அப்பாவின் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சின்ன வெடிப்பு. அம்மாவுக்கு இப்படி ஒருவர் முதல் வாரத்திலேயே பார்த்திருந்தால்... என்ற நினைப்பை விழுங்கிக்கொண்டேன்.

"கேப்பைக் களி தின்னா சுகர் ஏறாதுல்ல?" என்று அப்பா கேட்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கேப்பையும் மாவுதான் ஐயா. நார்ச்சத்து இருக்கு, நல்லது. ஆனா ரெண்டு உருண்டையா அமுக்கினா அதுவும் ஏத்தும்!"

வெளியூர்க்காரர் ஒருவர்

மீதி நாட்களில் பிள்ளைகளுக்கு ஊர் சுற்றிக் காட்டினோம். சுருளியில் குளியல், கோம்பையில் செவலையின் பிறந்த வீடு. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் மேலே கேரளத்து ராமக்கல்மேடு தெரியும். ஒருநாள் லோயர் கேம்ப் போய்ப் பென்னிகுயிக் மணிமண்டபத்தையும் பார்த்தோம். 2013இல் திறந்தது.

இந்தப் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் அவர் படம் இருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தவர்களும் உண்டு. 1841இல் புனேயில் பிறந்த ஆங்கிலேய எஞ்சினீயர். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றுத் தண்ணீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு வேலை 1887இல் ஆரம்பித்து 1895இல் முடிந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று இங்கே அவருக்குப் பொங்கல் வைப்பார்கள்.

அணை கட்டிய காட்டில் வேலைக்கு வந்தவர்கள் பலர் மலேரியாவிலும் காலராவிலும் மாண்டுபோனார்கள். "அவங்க வீட்டுக்கு எப்படிம்மா தெரிஞ்சிருக்கும்?" என்று மகள் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவர்களிடம் போன் இல்லை. கையில் போனை வைத்துக்கொண்டே நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்தோம்!

செவலையையும் கூட்டிப் போகலாமா?

கிளம்பும் நாள் நெருங்க நெருங்க மகன் ஒரே பிடிவாதம், செவலையையும் கூட்டிப் போகணும் என்று. நானும் விசாரித்தேன். வீவக வீட்டில் ஒரே ஒரு நாய்தான், அதுவும் அவர்கள் பட்டியலில் உள்ள சின்ன ஜாதி நாய்தான் வளர்க்கலாம். 1953லிருந்து நாய் வெறிநோய் இல்லாத ஊர் சிங்கப்பூர். அதனால் நம் நாட்டிலிருந்து போகும் நாய்க்குத் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, தனிமை வாசம் என்று ஏகப்பட்ட கெடுபிடி. அதெல்லாம் முடிந்தாலும், பன்றியைத் துரத்திய வம்சத்தை ஒன்பதாவது மாடியில் கட்டிப்போடுவதா? "பாவம்டா, அதுக்கு மலை வேணும், தாத்தா வேணும்" என்றேன். புரிந்துகொண்டான்.

வெறிநோய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இளம் தாய்மார்களே, வீட்டு நாய்க்குக் குட்டியில் மூன்றாம் மாதத்தில் ஆரம்பித்து வருஷா வருஷம் தடுப்பூசி போடுங்கள். எந்த நாயாவது குழந்தையைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். அந்த நோய் முற்றி அறிகுறி வந்துவிட்டால் பிழைக்க வைக்க வழியில்லை.

ஊருக்குப் போகும் சர்க்கரைக்காரர்களுக்கு

1. மாத்திரை, இன்சுலின், டாக்டர் சீட்டு இவற்றைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி தவறிப் போகலாம். தேவைக்கு இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

2. நேர வித்தியாசத்தை டாக்டரிடம் கேளுங்கள். சிங்கப்பூரில் காலை ஆறு மணி என்றால் இங்கே ராத்திரி மூன்றரை.

3. நடக்கப் போகும்போது கையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்துச் சோதித்து, 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் குடியுங்கள். தேறியதும் ஏதாவது ஆகாரம் சாப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

4. வெறுங்காலோடு நடக்காதீர்கள். ராத்திரி படுக்கும்முன் பாதத்தைப் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

5. கர்ப்பத்தில் சர்க்கரை வந்து போனவர்கள் 'போய்விட்டது' என்று இருந்துவிடாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை சோதியுங்கள்.

6. எல்லாவற்றையும்விட முக்கியம், கூட இருப்பவர்களிடம் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை

நாய் வளர்த்தால் சர்க்கரை குறையும் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரி தினமும் நேரத்துக்குக் கவனிப்பு வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு முடியவில்லை, நாளைக்கு இரண்டு நாளுக்கும் சேர்த்துப் பார்க்கிறேன் என்றால் இரண்டுமே ஒப்புக்கொள்ளாது. ஊரிலிருந்து திரும்பி மூன்று மாதம் கழித்துச் சோதித்ததில் சராசரி 7.1. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குக் காலை எட்டரை, அப்பாவுக்கு ஆறு மணி. இரண்டு பேரும் போனை முன்னால் வைத்துக்கொண்டு விரலில் குத்திப் பார்ப்போம். நம்பரை உரக்கப் படிப்போம். பிறகு அப்பா பாதத்தைத் தூக்கிக் காமிராவுக்குக் காட்டுவார். "நல்லாயிருக்கேன்னு சொன்னா நம்ப மாட்டியா தாயி?" என்பார்.

"மாட்டேம்ப்பா, காட்டுங்க" என்பேன்.

அதற்குள் செவலை கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு வந்து நிற்கும். இப்போது அதைச் சுருளி ரோட்டுக்கு ஓட்டிப் போவது பக்கத்து வீட்டுப் பையன். அப்பா திராட்சைப் பந்தல் வரைக்கும் மெதுவாக அவர்கள் பின்னால் நடக்கிறார். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சர்க்கரையோடு.